கே ஏழில் இருந்த பாட்டு

பேய்க்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். முதலிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் முழுவதையும் கேட்டுவிட்டு, கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று எழுந்து போவீர்கள். என் தொழில் அப்படி. ஓட்டலில் வைத்த பாட்டுப் பெட்டி ராத்திரியில் தானாகப் பாடுகிறது என்று முதலாளிக்குத் தகவல் வந்தால் என்னைத்தான் அனுப்புவார்கள். நான் போய்ப் பின்பக்கக் கதவைக் கழற்றி, கரப்பான்பூச்சி கடித்து வைத்த ஒயரை எடுத்து ஓட்டல்காரர் மூக்குக்கு நேரே காட்டிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். பத்து வருஷத்தில் அப்படி ஏழெட்டுப் பேயை ஸ்க்ரூடிரைவரால் விரட்டியிருக்கிறேன்.

போன மாதம் பெங்களூரிலிருந்து ஒருவர் காரில் வந்தார். ஊர் ஊராகப் போய்ப் பழைய ஜூக்பாக்ஸ் தேடுகிறாராம். சின்ன வயதில் அவருடைய அப்பா தோளில் தூக்கிக் காசு போட வைத்த பெட்டியின் ஞாபகம், அதைப் போல ஒன்றாவது கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருக்கிறார். கல்கத்தா ரோட்டில் எந்தெந்த ஓட்டலில் பெட்டி இருந்தது என்று கேட்டார். செங்குன்றத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். நானும் ஒரு தடவை அதே ரோட்டில் பெட்டி பெட்டியாகத் தேடிக்கொண்டு போனேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நம்புகிற முகம் இல்லை அது. உங்கள் முகமும் அப்படித்தான் இருக்கிறது, பரவாயில்லை.

எழுபத்திரண்டோ எழுபத்திமூன்றோ, சரியாக நினைவில்லை. பட்டணத்தில் ஒரு முதலாளியிடம் நான் சர்வீஸ் மேன். அவர் ஜூக்பாக்ஸ்களை வாங்கி ஓட்டல்களில் வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமைதோறும் கம்பெனி வேனை எடுத்துக்கொண்டு அந்த ரோட்டு ரவுண்டுக்குப் போவேன். பெட்டிக்கு எண்ணெய் போடுவது, ஊசி மாற்றுவது, புதுப் படத்து இசைத்தட்டு வந்தால் யாரும் போடாத தட்டைக் கழற்றிவிட்டு அதைச் செருகுவது, இதுதான் வேலை. காசுப் பெட்டியின் சாவி முதலாளி இடுப்பில் இருக்கும், அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை.

எந்தத் தட்டு போகிறது, எது தூங்குகிறது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பெட்டிக்குள்ளே ஒவ்வொரு தட்டுக்கும் நேராக ஒரு சின்னக் குச்சி இருக்கும். தட்டு ஒருமுறை ஓடினால் குச்சி ஒரு கோடு முன்னால் நகரும். நான் போகும்போதெல்லாம் பார்த்துவிட்டு எல்லாக் குச்சியையும் பழையபடி பூஜ்யத்துக்குத் தள்ளிவிடுவேன். அடுத்த வாரம் திறந்தால் அந்த ஓட்டல் ஜனங்களின் ரசனை முழுக்க அங்கே வரிசையாக நிற்கும். மூன்று வாரம் நகராத குச்சியின் தட்டை எடுத்துவிட வேண்டும், இது கம்பெனி சட்டம்.

அந்தச் சட்டத்தை நான் ஒரே ஒரு தட்டுக்காக மீறினேன். என் அக்கா சுலோச்சனாவின் வீட்டுக்காரர் கோதண்டம் மாமா லாரி டிரைவர். நெல்லூருக்கும் பட்டணத்துக்கும் சரக்கு அடிப்பார். அவருக்கு ஒரு பாட்டுப் பைத்தியம். பாட்டு என்றால் ஒரே பாட்டுதான். கல்யாணமான புதிதில் அக்காவோடு பார்த்த ஏதோ ஒரு படம், ஒரு வாரம்கூட ஓடாத படம், அதில் ஒரு பெண் மெதுவாகப் பாடுவாள். வாத்தியம் ரொம்பக் குறைச்சல், நடுவில் அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். அதை வேறு யாரும் காசு கொடுத்துக் கேட்கமாட்டார்கள். மாமாவுக்காக நான் ரோட்டிலுள்ள எல்லாப் பெட்டியிலும் ஒரே இடத்தில், கே எழுத்தையும் ஏழாம் நம்பரையும் அழுத்தினால் வருகிற மாதிரி, அந்தத் தட்டைப் போட்டு வைத்தேன். மாமா எந்த ஓட்டலில் லாரியை நிறுத்தினாலும் பாட்டு வரிசைச் சீட்டைப் படிக்கவே வேண்டாம், நேராகப் போய்க் கே ஏழு. கே ஏழின் குச்சி ஒரு கோடு நகர்ந்திருந்தால் மாமா இங்கே டீ குடித்தார் என்று எனக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொல்வேன், "உன் ஊட்டுக்காரரு இந்த வாரம் கவரப்பேட்டைல ரெண்டு தபா பாட்டு கேட்டுகீறாரு" என்று. அக்கா சிரிப்பாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் நான் ரவுண்டு முடித்து எல்லாக் குச்சியையும் பூஜ்யத்துக்குத் தள்ளிவிட்டுத் திரும்பினேன். அன்று சாயங்காலம் தச்சூர் கூட்டுரோட்டில், பொன்னேரி ரோடு வந்து சேருகிற இடத்தில், மாமாவின் லாரி ஒரு சைக்கிளை அடித்துவிட்டது. சைக்கிள்காரர் பழவேற்காட்டு ஆள், பெயர் ஏழுமலை, பின்னால் பெரிய மீன் கூடை கட்டிக்கொண்டு வந்தவர். மாமா இறங்கிப் பார்த்திருக்கிறார். ஆள் அசைவில்லாமல் கிடக்கிறார், ரோட்டில் சிவப்பாக ஓடுகிறது. லாரிக்காரர்களுக்குள் ஒரு பாடம் உண்டு, வண்டியில் யாராவது அடிபட்டால் அங்கே நிற்காதே, கூட்டம் கையில் கிடைத்தால் உயிர் மிஞ்சாது, ஓடிப்போய் நேராகப் போலீஸ் ஸ்டேஷனில் நில் என்று. மாமா முதல் பாதியைச் செய்தார், இரண்டாம் பாதியை விட்டுவிட்டார். லாரியை அங்கேயே விட்டுவிட்டு வயலில் இறங்கி ஓடினவர் ஓடினவர்தான்.

மூன்று நாள் அக்கா சாப்பிடவில்லை. நாலாம் நாள், ஐந்தாம் நாள், ஆளைக் காணோம். திங்கட்கிழமை லாரி ஓனரின் ஆள் வந்து சொன்னார், அந்த ஏழுமலை சாகவில்லை, பொன்னேரி ஆஸ்பத்திரியில் இருக்கிறார், கால்தான் முறிந்தது, தலையில் அடி, வெள்ளிக்கிழமை கண்ணைத் திறந்துவிட்டார், டிரைவர் வந்து ஸ்டேஷனில் ஆஜரானால் போதும், பெரிய கேஸ் இல்லை என்று. அக்கா அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து என்னைக் கேட்டாள்.

"ஏன்டா தம்பி, இது அவுருக்குத் தெரியாதே? ஒரு உசுர எடுத்துட்டோம்னு நெனச்சுக்கினு கெடப்பாரே. அவுரு மனசு உனக்குத் தெரியாதா? ஒரு நாய் மேல வண்டி ஏறினதுக்கு ரெண்டு நாளு சோறு துன்னாத ஆளுடா அது."

தெரியும். அதனால்தான் பயந்தேன். ஊர் அறிய ஒரு செய்தி இருக்கிறது, அது போய்ச் சேர வேண்டிய ஒரே ஒரு ஆள் மட்டும் எங்கே என்று தெரியவில்லை. அவர் எங்கேயாவது எதையாவது செய்துகொள்வதற்கு முன்னால் காதில் போய்ச் சொல்ல வேண்டும். எங்கே என்று தேடுவது? ரோட்டின் இந்தப் பக்கம் ஏரி, அந்தப் பக்கம் சவுக்குத்தோப்பு, மேலே போனால் ஆந்திரா.

ராத்திரி படுத்திருந்தபோதுதான் எனக்குக் குச்சி ஞாபகம் வந்தது. மறுநாள் செவ்வாய், ரவுண்டு நாள். மாமா பசிக்காக எந்த ஓட்டலில் ஒதுங்கியிருந்தாலும் கே ஏழை அழுத்தாமல் இருந்திருக்க மாட்டார், மனசு சரியில்லாதபோது அந்தப் பாட்டுதான் அவருக்கு மருந்து. போன செவ்வாய் பகலில் எல்லாம் பூஜ்யம். அதற்குப் பிறகு எந்தப் பெட்டியில் நகர்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் மாமா. இதை அக்காவிடம் சொன்னதும் புடவையை மாற்றிக்கொண்டு வந்து வேனில் ஏறிவிட்டாள். கம்பெனி வேனில் பொம்பளையை ஏற்றக் கூடாது என்றேன். "ஒங்க கம்பெனி கெடக்குது, வண்டிய எடு" என்றாள்.

காலை எட்டரைக்குச் செங்குன்றம். பெட்டியைத் திறந்தேன். கே ஏழு பூஜ்யம். காரனோடையில் பூஜ்யம். பஞ்செட்டியில் பூஜ்யம். ஒவ்வொரு தடவையும் அக்கா ஓட்டல் வாசலில் நின்று என் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பாள், நான் திரும்பி இல்லையென்று தலையை ஆட்டுவேன், போய் வேனில் உட்கார்ந்துகொள்வாள். ஓட்டல்களில் நாஷ்டா நேரம், எல்லாரும் புதுப் பாட்டாகப் போட்டுக் கேட்டுக்கொண்டு இட்லி சாப்பிடுகிறார்கள், எனக்கு எரிச்சலாக வந்தது.

தச்சூர் கூட்டுரோட்டில் விபத்து நடந்த இடத்தைத் தாண்டி ஒரு ஓட்டல். அங்கே திறந்தால், கே ஏழின் குச்சி மூன்று கோடு நகர்ந்திருக்கிறது.

நான் திரும்பித் தலையை ஆட்டவில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது, ஓடிவந்தாள். டீ மாஸ்டரைக் கூப்பிட்டு, இந்தப் பாட்டை யார் போட்டது, உயரமாக, மீசையோடு ஒரு டிரைவர் வந்தாரா என்று கேட்டோம். மாஸ்டர் ஆந்திரா பக்கத்து மனுஷர்.

"கோதண்டம்தானே நைனா? அவுரத் தெரியாதா எனக்கு? வரலியே. போலீசும் வந்து கேட்டுட்டுப் போச்சு."

"பாட்டு மூணு தபா ஓடிகீதே?"

"கடை தொறந்து கீறப்ப யாரும் அந்தப் பாட்டப் போடல. நான் இங்கியேதான நிக்கறேன்." அப்புறம் கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு சொல்றேன். போன வாரத்துல மூணு நாளு, காலைல வந்து ஷட்டரைத் தூக்கறேன், பொட்டி மேல கைய வெச்சா சூடா கீது. அப்பத்தான் பாடி முடிச்சா மாரி."

ராத்திரி சுவிட்சை அணைக்க மறந்திருப்பீர் என்று சொல்லிவிட்டு நான் கிளம்பிவிட்டேன். மெக்கானிக் புத்தி. வால்வு வைத்த பெட்டி, கரண்டு இருந்தால் சூடாகத்தான் இருக்கும், இதில் என்ன அதிசயம். குச்சி மட்டும் சும்மா நகராது. மாமா எப்படியோ ராத்திரியில் உள்ளே புகுந்து கேட்டிருக்கிறார் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

கவரைப்பேட்டையில் மூன்று. புதுவாயலில் மூன்று. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள், மூன்று ஓட்டலிலும் சொல்லிவைத்தாற்போல மூன்றே மூன்று கோடு. மூன்று இடத்திலும் மாமாவைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அக்காவின் முகத்தில் ரத்தம் ஊற ஆரம்பித்தது. ஆள் வடக்கே போயிருக்கிறார், உயிரோடு போயிருக்கிறார், பாட்டுக் கேட்கிற அளவுக்கு மனசு இருக்கிறது. வேனில் உட்கார்ந்துகொண்டு பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பிலைச் சேலை கட்டிக் கோயிலைச் சுற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். நான்கூட விசிலடித்தேன்.

கும்மிடிப்பூண்டியில் பெட்டியைத் திறந்தேன். பூஜ்யம்.

அதற்கு மேல் எங்களுக்குப் பெட்டி கிடையாது. புதுவாயலுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் ஆள் காணாமல் போய்விட்டார். அந்த ஓட்டல் வாசலில் அக்கா மடங்கி உட்கார்ந்துவிட்டாள். வெயில் தலைக்கு மேல். புதுவாயல் தாண்டினால் ரயில் பாதை ரோட்டை ஒட்டினாற்போல ஓடும், அதை வரும்போது இரண்டு பேரும் பார்த்தோம், இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் அவளை எழுப்பி வேனில் ஏற்றித் திருப்பினேன்.

திரும்பி வரும் வழியில் ரோட்டோரமாக ஒரு ஓட்டல், ஐந்து மாதமாக மூடிக் கிடந்தது. ஓனர் கடையை ஏறக்கட்டிவிட்டு ஊரோடு போய்விட்டார். கரண்டு கனெக்‌ஷனைப் பிடுங்கிவிட்டார்கள். எங்கள் பெட்டி ஒன்று உள்ளேயே இருந்தது, முதலாளி இன்றைக்கு எடு நாளைக்கு எடு என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார், முன்கதவுப் பூட்டின் சாவிகூட என் சாவிக்கொத்தில் தொங்கியது. அந்த இடத்துக்கு வரும்போது அக்கா கேட்டாள்.

"இதுல பொட்டி இல்லியா?"

"கீது. செத்த பொட்டி. கரண்டே இல்ல."

"பாத்துடு."

"இன்னாத்த பாக்கறது? கரண்டு இல்லாத பொட்டில எப்படிக்கா பாட்டு ஓடும்?"

"பாத்துடுன்னா பாரு. எனக்காக."

எனக்குக் கோபம் வந்தது. பசி வேறு. இவளுக்குக் காட்டிவிட்டால் பேசாமல் இருப்பாள் என்று வண்டியை நிறுத்திப் பூட்டைத் திறந்தேன். பூட்டு துருப்பிடித்து, எண்ணெய் விட்ட பிறகுதான் திறந்தது. உள்ளே பெஞ்செல்லாம் கவிழ்த்துப் போட்டிருந்தது. தரையில் தூசி பூரான் ஊர்ந்த தடம் தெரிகிற மாதிரி படிந்திருக்கிறது, அதில் ஒரு மனுஷக் காலடி இல்லை. பெட்டியின் கண்ணாடி மேலும் தூசி. கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். தட்டை எடுத்து வைக்கிற கையிலிருந்து தட்டு வரிசை வரைக்கும் ஒரு சிலந்தி வலை, அறுபடாமல் அப்படியே இருக்கிறது. நான் ஐந்து மாதத்துக்கு முன்னால் தள்ளிவிட்டுப் போன குச்சியெல்லாம் பூஜ்யத்தில் இருக்கின்றன.

கே ஏழு மட்டும் மூன்று.

டார்ச்சைத் தட்டிப் பார்த்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன், விரலால் தொட்டுப் பார்த்தேன். மூன்றுதான். தட்டை எடுக்கிற அந்தக் கை நகராமல் குச்சி நகராது, கை நகர்ந்தால் வலை அறுந்திருக்க வேண்டும். இது எனக்குச் சோறு போட்ட இயந்திரம், இதை நான் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவேன், இது இப்படிச் செய்யாது.

அக்கா வாசலில் நின்று, "எத்தினி?" என்றாள். மூன்று விரலைக் காட்டினேன். அவள் அவ்வளவுதான், பயப்படவே இல்லை, தொண்டை கிழியக் கூப்பிட்டாள், "யோவ், நான் சுலோச்சனா வந்துகீறேன்யா" என்று.

பின்பக்கத்திலிருந்து இருமல் சத்தம் வந்தது.

கட்டடத்தின் பின்னால் தனியாகச் சமையல்கட்டு. அதற்கும் ஓட்டல் கூடத்துக்கும் நடுவில் கதவு கூடத்துப் பக்கம் தாழிட்டு, ஆணி அடித்திருந்தது. சுற்றிக்கொண்டு ஓடினோம். கூரை பாதி இல்லாத அந்த இடத்தில் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் மாமா கிடந்தார். எட்டு நாள் தாடி, உடம்பு காய்ச்சலில் கொதிக்கிறது, பக்கத்தில் வேர்க்கடலைத் தோல் ஒரு குவியல். எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடத்தான் பார்த்தார், கால் நிற்கவில்லை.

"போலீசு கூட வந்துகீறியா தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

அக்கா அவரைச் சட்டையோடு பிடித்துக்கொண்டாள். "அந்த ஆளு உசுரோட கீறான்யா. காலுதான் ஒடைஞ்சுது. கஞ்சி குடிச்சிக்கினு, பொண்டாட்டியத் திட்டிக்கினு, நல்லா கீறான்யா."

"பொய் சொல்லாத சுலோ. நான் பாத்தேன். ரோடு பூரா ரத்தம்."

"அது மீனு ரத்தம்யா. கூடைல ஐசு வெச்சுக் கட்டின மீனு. ஐசு ஒடைஞ்சி ரத்தத் தண்ணி ஓடிகீது. இத்தினி வருசமா அந்த ரோட்டுல வண்டி ஓட்ற, மீன் கூடைலருந்து செவப்பாத் தண்ணி ஒழுவறத நீ பாத்ததே இல்லியா?"

கண்ணால் கண்டதும் பொய் என்று சொல்வார்கள். மாமா அக்காவின் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். நான், அக்கா சொல்வது நிஜம் மாமா, உங்கள் ஓனரே ஆள் அனுப்பிச் சொன்னார் என்றேன். அப்புறம் அவர் அழுத அழுகையை நான் சொல்லப்போவதில்லை. அழுகை நின்றபோது சுவரில் இடிந்த இடத்தின் வழியாகத் தெரிந்த ரயில் பாதையைக் காட்டினார். "மூணு நாளா எந்த வண்டி எத்தினி மணிக்கு வருதுன்னு பாத்துக்கினே இருந்தேன். இன்னிக்குப் போயிடலாம்னு இருந்தேன் தம்பி" என்றார். நான் அடுப்பு மேடை மேல் உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் தள்ளி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும். இன்றைக்கும் அதை நினைத்தால் முதலில் வருவது பயமில்லை, அப்பாடா என்கிற அந்த மூச்சுதான்.

தண்ணீர் குடிக்க வைத்து வேனில் ஏற்றின பிறகு கேட்டேன். "வெளில தலையக் காட்டக் கூடாதுன்னு இருந்தவரு, இன்னாத்துக்கு மாமா ராத்திரில ஓட்டல் ஓட்டலாப் போயி பாட்டு கேட்டீரு?"

"இன்னா பாட்டு?"

"கே ஏழு. தச்சூரு, கவரப்பேட்ட, புதுவாயலு. இந்தக் கூடத்துலயும்."

மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அன்னிக்கு ராத்திரி இங்க வந்து உளுந்தவன்டா நான். கெணத்துக்கும் கொல்லைக்கும்தான் போனேன். ரோட்டுல கால வெக்கல. கூடத்துல இன்னா கீதுன்னே எனக்குத் தெரியாது." அப்புறம் அவரே சொன்னார், "பாட்டு கேட்டிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்."

காய்ச்சலில் போனது மறந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது, தோன்ற வைத்துக்கொண்டேன். மாமா எங்கே போனாலும் போகட்டும், ஆணி அடித்த கதவுக்குக் கூடத்துப் பக்கம், சிலந்தி வலைக்குக் கீழே, கரண்டு இல்லாத பெட்டியில் கே ஏழை எப்படி ஓட்டினார் என்ற இடத்தில் வந்து என் புத்தி நின்றுவிடும். அதற்கு மேல் போகாது. போக வேண்டாம் என்றுதான் விட்டுவிட்டேன். ஆள் கிடைத்தாகிவிட்டது, நெஞ்சில் பால் வார்த்தாகிவிட்டது, குச்சி எப்படி நகர்ந்தால் எனக்கென்ன.

அன்று சாயங்காலமே மாமாவை ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்தினோம். லாரி ஓனர் வந்து ஜாமீன் கையெழுத்துப் போட்டு வெளியே அழைத்து வந்தார். இரண்டு நாள் கழித்து, காய்ச்சல் விட்டதும், மாமா பிடிவாதம் பிடித்ததால் மூன்று பேரும் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஏழுமலை தலையில் கட்டோடு, ஒரு காலை மாவுக்கட்டுப் போட்டு மேலே தொங்கவிட்டபடி படுத்திருந்தார். கறுத்த, ஒல்லியான மனுஷர். மாமா அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று கையைக் கூப்பினார்.

"நீதான் டிரைவரா?" என்றார் ஏழுமலை. "ஒக்காருப்பா. மணியடிக்காம குறுக்க வந்தவன் நானு. நீ ஏன் இப்பிடி எளைச்சுப் போய்கீற? ஆஸ்பத்திரில படுத்துகீறவன் நானா நீயா?"

மாமா சிரித்துவிட்டார். எட்டு பத்து நாளில் அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். அக்கா கொண்டுபோன சாத்துக்குடியை உரித்து இரண்டு பேருக்கும் கொடுத்தாள். ரோட்டைப் பற்றியும், அந்த வருஷம் இறால் வரத்து எப்படி என்றும் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். பாட்டுப் பெட்டி என்றால் என்னவென்றே ஏழுமலைக்குச் சரியாகத் தெரியவில்லை. ஓட்டலுக்குள் போய் உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாதாம், கூடையின் மீன் நாற்றத்துக்கு உள்ளே விடமாட்டார்களாம். இதை நான்தான் சும்மா கேட்டு வைத்தேன், எதற்காகக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

கிளம்பும்போது ஏழுமலையின் சம்சாரம் வராந்தா வரைக்கும் எங்களோடு வந்தாள். நல்லவள், மாமா மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. மாமா முன்னால் நடந்துவிட்டார், நானும் அக்காவும் அவளோடு பின்னால் வந்தோம். அக்கா, நினைவு தப்பின நாளெல்லாம் ரொம்பக் கஷ்டப்பட்டீர்களா என்று விசாரித்தாள்.

"செவ்வாக்கெழம ராத்திரிலேர்ந்து வெள்ளிக்கெழம காலைல வரிக்கும் கண்ணே தொறக்கல. பொழப்பாரான்னே தெரியல" என்றாள் அவள். "கண்ணத் தொறந்ததும் மொத வார்த்த இன்னா தெரியுமா? 'அந்த டிரைவரு கிட்ட நான் சாவலன்னு யாராச்சும் சொன்னீங்களா'ன்னாரு. நீயே இப்பத்தான்யா கண்ணத் தொறந்த, அவன எங்க போய்த் தேடறதுன்னேன். அதுக்கு, 'மூணு நாளா ரோட்டு மேல எல்லா ஓட்டல்லயும் சொல்லிட்டு வந்துட்டேன், காலு ரொம்ப வலிக்குது'ன்னாரு. ஜன்னி பேச்சுன்னு டாக்டரு சொன்னாரு. இப்ப கேட்டா, நான் அப்பிடிச் சொல்லவே இல்லன்றாரு."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் எங்களைப் பார்க்கவில்லை, உள்ளே கட்டில் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் தெனம் காலைல அவுரு காலத் தொடச்சி உடுவேன். கட்டுப் போட்ட காலு அப்பிடியே சுத்தமா கீது. அந்த மூணு நாளும் இன்னொரு காலு பூரா ரோட்டு மண்ணு. யாருகிட்டயும் சொல்லல நானு. தண்ணி ஊத்திக் கழுவி உட்டேன்."

நானும் அக்காவும் வேனுக்கு வந்தோம். மாமா முன் சீட்டில் உட்கார்ந்து சாத்துக்குடித் தோலை முகர்ந்துகொண்டிருந்தார். நான் வண்டியை எடுத்தேன். பொன்னேரி ஆஸ்பத்திரியிலிருந்து அந்த மூடின ஓட்டல் வரைக்கும் எத்தனை மைல் என்று எனக்குத் தெரியும், என் ரவுண்டு ரோடு அது. ஒற்றைக் காலில் அவ்வளவு தூரம் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் கால்தான் வலிக்கிறது.